மடைக்கு முன்னால் இருந்த மேடு

பிள்ளைகளா, போன வாரம் பரீட்சைக்குப் படிக்கும்போது, "நொடித்துப் போன நாடு எப்படிப்பா நிமிரும்?" என்று கேட்டீர்கள். உங்கள் புத்தகத்தில் திட்டம், தொழிற்சாலை, வெளிநாட்டு உதவி என்று பதில் இருந்தது. அதை அப்படியே எழுதி மார்க் வாங்குங்கள். நான் எட்டாவது வரை படித்தவன்; புத்தகத்தைத் திருத்த வரவில்லை. ஆனால் நாங்கள் நிமிர்ந்த கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் பிறக்காத காலம். அறுபதுகளின் நடுவில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல மழை இல்லை. பருத்தி காட்டிலேயே கருகியது. பருத்தி வராததால் அருப்புக்கோட்டையில் அரவை மில்கள் பாதி நாள் நின்றன. அங்கே லோடு ஏற்றப் போயிருந்த நம் ஊர் ஆட்கள் பஸ்ஸுக்குக்கூட வழியில்லாமல் நடந்தே திரும்பினார்கள். நாடு முழுக்க இதே நிலைதான் என்று டீக்கடை ரேடியோ சொன்னது. கப்பலில் கோதுமை வந்தது. அதை அரிசி மாதிரி உலையில் போட்டுவிட்டு, வேகவே மாட்டேன் என்கிறதே என்று உங்கள் அம்மா அடுப்போடு சண்டை போட்டாள்.

அந்தக் கோதுமையைக் கூலியாகக் கொடுத்து, நம் கண்மாயை ஆழப்படுத்தும் வேலையைச் சர்க்கார் தொடங்கியது. எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று தெரிவதற்காக, ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு மண்திட்டை, தலையில் பழைய புல்லோடு, வெட்டாமல் விடுவோம். ஓவர்சியர் வந்து அந்தத் திட்டின் உயரத்தை அளப்பார். உயரம் கூடினால் கோதுமையும் கூடும்.

அங்கேதான் தப்புச் செய்தோம். வண்டல் மெத்தென்று கிடந்த நடுக் கண்மாயாகப் பார்த்து எல்லோரும் வெட்டினோம். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்கு முன்னால் வருஷக்கணக்காகச் சேர்ந்து இறுகிய களிமேடு ஒன்று இருந்தது. கருவேல வேர் பின்னிக் கிடக்கும். நாள் முழுக்க வெட்டினாலும் அங்கே திட்டு முழங்கால் உயரம் வராது. அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை. நானும்தான்.

ஆவணிக் கடைசியில் வேலை முடிந்தது என்றார் ஓவர்சியர். அன்றைக்குத்தான் கரைமேல் நின்று முழுக் கண்மாயையும் பார்த்தேன். மழை பெய்தாலும் தண்ணீர் குழிகளில் நிற்கும். மேட்டைத் தாண்டி மடைக்கு வராது. வயல் மூன்றாம் வருஷமும் காயும். காய்ந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"சார், மடை மேட்டுக்கு மட்டும் பத்து நாள் வேலை குடுங்க" என்று கேட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. கோதுமை தீர்ந்துபோயிருந்தது. "இனிமே ஒரு மூடைகூட கெடையாதுப்பா. மழையே இல்லாத ஊருக்கு மடை எதுக்கு? டவுனுப் பக்கம் போய்ப் பொழைங்க."

சுருக்கென்று தைத்தது. மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு மேட்டில் இறங்கினேன். உங்கள் அம்மா கூடையோடு வந்தாள். கரைமேல் உட்கார்ந்திருந்த என் சேக்காளி சிரித்தான்.

"ஏலே, கூலி இல்லாம வெட்டுறியே, கோட்டி புடிச்சிருச்சா?"

"கூலி குடுத்தப்ப குழி வெட்டுனோம்லே. இப்பத்தான் கண்மாய் வெட்டுறேன்."

"வானத்தப் பாருலே. ஒரு பொட்டு மேகம் இருக்கா?"

அம்மா தலைச்சுமையோடு நின்று அவனை நிமிர்ந்து பார்த்தாள். "மேகம் வந்த பெறகு வெட்டணும்னா முங்கித்தான் வெட்டணும்ணே. ஒங்களுக்கு நீச்சலும் தெரியாது. சும்மா அங்கன வெயில் காயுறதுக்கு இங்கன எறங்கிக் காயுங்க."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். நாலாம் நாள் வீட்டுக்கு ஒருத்தர் வந்துவிட்டார்கள். பசித்தது; அதை மறைக்க மாட்டேன். இருந்த கோதுமையைக் கஞ்சியாகக் காய்ச்சி, கொண்டுவந்தவர் கொண்டுவராதவர் என்று பார்க்காமல் மடையடியில் பகிர்ந்து குடித்தோம். வேரைக் கோடாலியால் தறித்தோம். அளக்க யாரும் வரப்போவதில்லை என்பதால் மேட்டில் திட்டு எதுவும் விடவில்லை. புரட்டாசி முடிவதற்குள் மேட்டைப் பிளந்து மடைவரை வாய்க்கால் போய்விட்டது.

ஐப்பசியில் மழை வந்தது. பெரிய மழை இல்லை, கால் கண்மாய்தான். ஆனால் அந்தத் தண்ணீர் மடை வழியே வயலுக்குப் போனது. மடைக்குப் பக்கத்து வயல்களில் நெல் விளைந்தது. அடுத்த வருஷம் காட்டில் பருத்தி வெடித்தது. மில் முழு நாளும் ஓடியது. லோடு ஏற்ற ஆள் கேட்டு லாரிக்காரர்களே நம் ஊருக்கு வந்தார்கள்.

மழைதானே காப்பாற்றியது, நீங்கள் என்ன கிழித்தீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மேடு இருந்திருந்தால் அந்த மழை எங்களுக்கு இல்லை. விட்டுவிட்டு டவுனுக்குப் போங்கள் என்று ஓவர்சியர் சொன்ன இந்த ஊரிலேயேதான் நீங்கள் மூன்று பேரும் பிறந்தீர்கள்.

அந்த ஐப்பசி மழைக்கு அடுத்து வந்த கோடையில் கண்மாய் வற்றியதும், ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் அங்கே போனேன். நான் வெட்டிய குழியின் நடுவில் என் கூலிக்கு அளந்த திட்டு, பாதி கரைந்தும் நின்றுகொண்டிருந்தது. அதை அடியோடு வெட்டிச் சாய்த்தேன். மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்துபோய் வயலில் கொட்டினேன்.