நான் எழுதாத பதினேழு பெயர்கள்

பாதர்ஸ்ற் வீதியில் ஒரு யூத அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஏழு வருடம் போனேன். டோர்செட் பார்க்கில் என் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போகவேண்டும். ஒருநாளும் பிந்தினதில்லை. பால் சட்டி வேறு, இறைச்சிச் சட்டி வேறு என்ற அவர்களின் சமய முறையை முதல் கிழமையிலேயே பிடித்துக்கொண்டேன். குறை சொல்ல ஒருவருக்கும் இடம் வைக்கவில்லை.

அந்த அம்மா போலந்தில் ஒரு சின்னப் பட்டணத்தில் பிறந்தவர். காலையில் அரசாங்கப் பள்ளிக்கூடம். பின்னேரம், பேக்கரிக்கு மேலே வாடகை அறையில், யூதப் பெண்பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு. கீழே பாண் வேகும் சூடு பலகைத் தரையால் ஏறிவரும். குளிர்காலத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அந்தச் சூட்டில் பாதத்தை வைத்துக்கொண்டுதான் வேதம் படிப்பார்களாம். அவரைத் தவிரப் பதினேழு பேர். ஒருத்தி நூல்நிலையக் கதைப்புத்தகத்தை வேதப் புத்தகத்துக்குள் ஒளித்து வாசிப்பாள். ஒருத்தி, தீயணைப்புக்காரரின் மண்டபத்தில் போட்ட பூரிம் பண்டிகை நாடகத்தில் அரசனாக நின்று, தும்மி ஒட்டுத்தாடியை விழுத்தினவள். சண்டைக்காரி ஒருத்தி, ஆனால் பாட்டை அவள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். யுத்தம் முடிந்தபோது பதினேழு பேரில் ஒருத்தியும் இல்லை.

ஒருவர் செத்த நாள் வருடாவருடம் வரும்போது யூதர்கள் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு திரி ஏற்றுவார்கள். அந்தப் பிள்ளைகள் செத்த நாள் யாருக்குத் தெரியும்? இவரே ஒரு நாளைக் குறித்து, ஒரே திரி ஏற்றி, பதினேழு பெயரையும் வாய்விட்டுச் சொல்லுவார்.

அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிய வருடம், ஒரு கொப்பியை என் முன்னால் வைத்தார். நாங்கள் பேசியது உடைந்த இங்கிலீஷ். எனக்கு அது என் பேச்சாகத்தான் நினைவிருக்கிறது.

“அந்தப் பிள்ளையளின்ர பேரை நான் சொல்லுறன், நீ எழுது. உன்ர பாஷையிலயே எழுது. நான் போனபிறகு மகனுக்கு வாசிச்சுக் காட்டு.”

“மகனிட்டயே சொல்லுங்கோவன், அம்மா.”

“அவனுக்கு எங்க நேரம்? போன் எடுத்தா வெளியில ஸ்நோ எண்டுவான். அதை நான் யன்னலாலயே பாக்கிறன்.”

நான் இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். ஒரு சொல்லைக் கூட்டி எழுதுவதற்குள் உலை கொதித்துவிடும். அவர் நாலு பாஷை வாசிக்கிறவர். அவர் முன்னால் என் குழந்தைப்பிள்ளை எழுத்தை வைப்பதா? கொப்பியைச் சாய்த்துப் பிடித்து, அவர் சொல்லச் சொல்லப் பேனையை ஓடவிட்டேன். எழுத்தில்லை, வெறும் வளையமும் கோடும்.

“எல்லாம் எழுதினியோ?”

“ஓம், எழுதிப்போட்டன்.”

தாளைத் தடவிப் பார்த்தார். “வடிவான எழுத்து. தையல் போட்ட மாதிரிக் கிடக்கு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த கிழமை திரும்பக் கேட்டு, ஆற அமர எழுதுவோம் என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வருடத்துத் திரி ஏற்றுமுன்னமே போய்விட்டார்.

துக்கம் காக்கும் ஏழு நாளில் ஒரு நாள் போனேன். அவர்கள் வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். மகன், துக்கக்காரர் இருக்கும் பதிந்த கதிரையில் இருந்தார், நரைத்த மனிதர். மடியில் ஒரு தாள். ஒன்றிலிருந்து பதினேழு வரை இலக்கம் போட்டு வைத்திருந்தார்.

“பேரெல்லாம் உங்களிட்டக் கிடக்கெண்டு அம்மா சொன்னவ. வாசியுங்கோ, எழுதுறன்.”

பதினேழு பெயரை நான் இட்டுக்கட்டிச் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திராது. அந்த நினைப்பும் வந்தது, மறைக்க மாட்டேன். கொப்பியை விரித்து அவர் கையில் கொடுத்தேன்.

“எழுதேல்லை. எனக்கு எழுத வராது.”

என் வாயால் அதை ஒருவரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அவ சொல்ல வெளிக்கிடேக்கையெல்லாம், பிறகு சொல்லுங்கோ எண்டது நான்தானே,” என்றார். “ஒண்டாவது ஞாபகம் இருக்கோ?”

“பேர் இல்லை. தாடி விழுந்த பிள்ளையைத் தெரியும். பாட்டுக்காரியைத் தெரியும்.”

“அதைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அதை எழுதினார். ஐந்து பேர் மட்டும்தான் என் நினைவுக்கு வந்தார்கள். ஆறாம் இலக்கத்துக்கு நேரே பேனையை வைத்துக்கொண்டு, அடுத்த பிள்ளைக்காக என் முகத்தைப் பார்த்தார்.