பாத்ரூம் தரையில் ஈரம்

ஆரியசாலைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அங்கே ஒரு மொத்தக் கடையில் என் கணவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபிறகு, குளிக்க, சட்டை போட, சாப்பிட எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். கம்பு ஊன்றித் தனியாகப் போய்வந்தது டாய்லெட்டுக்கு மட்டும்தான். அதற்காகவே சுவரில் ஸ்டீல் கைப்பிடி வைத்துக் கொடுத்திருந்தோம்.

ஒருநாள் டாய்லெட்டின் அடியில் தண்ணீர் கசிந்து நின்றது. துடைத்தேன். மத்தியானம் மறுபடி ஈரம். மறுநாள் அதில் கால் வழுக்கி, கைப்பிடி இருந்ததால் விழாமல் தப்பித்தார்.

கொச்சியிலிருந்து மகள் லீவுக்கு வந்திருந்தாள். அடுக்களையில் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அம்மா, அது லீக் ஒண்ணும் இல்ல. அப்பாவுக்குத் தெரியாமலே போகுதாயிருக்கும். டயப்பர் போட்டிரலாம்.”

ஹாலில் உட்கார்ந்திருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“ஃப்ளஷ் டேங்குல சொட்டு நீலம் விடு. தரையில நீலமா வந்தா லீக்குதான்னு அவளுக்கும் தெரியும்லா?”

விட்டேன். காலையில் டாய்லெட்டுக்குள் தண்ணீர் நீலமாக இருந்தது. தரையில் கிடந்த தண்ணீரில் நிறமே இல்லை. அவர் வாசலில் கம்பை ஊன்றியபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் திரும்பி அடுக்களைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

“இன்னைக்கு நான் இதுக்குள்ள காலே வைக்க மாட்டேன். தொடச்சிட்டு, கதவப் பூட்டி சாவிய அவகிட்ட குடு” என்றார்.

கிழக்கேகோட்டையில் என் தம்பி வீட்டுக்கு அவரை ஆட்டோவில் கூட்டிப்போனேன். பொழுது சாயத் திரும்பி வந்தோம். மகள் பூட்டைத் திறந்தாள். காலையில் துடைத்துவிட்டுப் போன அதே இடத்தில் தண்ணீர் நின்றது. அவள் குனிந்து தொட்டு முகர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“சாரி, அப்பா.”

“சரி, சரி. பிளம்பரைக் கூப்பிடு.”

நோய் வந்தபிறகு அவருடைய அந்தப் பழைய அதிகாரக் குரலை அன்றுதான் கேட்டேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம்.

வந்த பிளம்பர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், இங்கேயே குடியேறியவர். டாய்லெட்டைப் பெயர்த்து, புது சீல் வைத்து, சிமெண்ட் பூசினார். ஈரம் வந்தது. டேங்குக்குப் போகும் டியூபை மாற்றினார். அப்போதும் வந்தது. கடைசியில் வீட்டுக்கு வரும் மெயின் வால்வையே அடைத்துவிட்டு, தரையில் பழைய பேப்பரை விரித்தார். பேப்பர் நனைந்தது.

“பைப்புல ஒரு சொட்டு வெள்ளம் இல்ல. பின்ன இது எங்கேருந்தாக்கும் வருது?” என்று என்னைக் கேட்டார்.

பின்சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது. அந்த வீட்டுக்காரர்கள் கல்ஃபில் இருக்கிறார்கள். அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் சாவி கொண்டுவந்து திறந்துகாட்டினார். அங்கே பாத்ரூம் காய்ந்துபோய், வாஷ்பேசினில் ஒட்டடை கட்டிக் கிடந்தது.

எங்கள் பக்கம் டைல்ஸை உடைத்தார்கள். செங்கல் எல்லாம் ஊறியிருந்தது, ஆனால் ஓட்டை எங்கும் தெரியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த என் கணவர், இடது கையை நீட்டி, “அங்க தட்டுங்க, இன்னும் கொஞ்சம் கீழ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுவருக்குள் புதுப் பைப் போட்டு, கசிவடைக்கிற மருந்து பூசி, மறுபடி டைல்ஸ் ஒட்டினார்கள்.

சில நாள் தரை காய்ந்து கிடந்தது. அவரே தினமும் பேப்பர் விரிக்கச் சொல்லி, கம்பு முனையால் புரட்டிப் பார்ப்பார். சந்தோஷத்தில் பாயசம்கூட வைத்தேன். பிறகு ஒரு காலை பேப்பரின் ஓரம் நனைந்து கறுத்திருந்தது.

பிளம்பர் வந்து குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். “அக்கா, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சாச்சு. தரைய முழுசா ஒடைச்சாலும் கிட்டும்னு சொல்ல முடியாது. அடியில பழைய லைன் ஏதும் கெடக்கோ என்னவோ.”

வேறு ஆட்களையும் கூப்பிட்டோம். வந்தவர்கள் எல்லாரும் முன்னால் செய்தது தப்பு என்று சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அதற்கிடையில் அவர் அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் இடுப்பில் பலத்த அடி. இனி அந்தப் பக்கமே விடக்கூடாது என்றார் டாக்டர்.

கட்டிலுக்குப் பக்கத்தில் அடியில் பாத்திரம் வைத்த கமோட் நாற்காலி வந்தது. பாத்ரூம் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஈரம் அப்படியேதான் இருக்கிறது.

மகள் ஃபோனில் கேட்பாள்: “லீக் கண்டுபிடிச்சாச்சா?” ஆள் பார்க்கிறோம் என்று சொல்வேன். யாரையும் பார்க்கவில்லை. அவரும் கேட்பதில்லை.

முதல் நாள் நான் பாத்திரத்தை எடுத்தபோது அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இப்போது மூடுவதில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, நான் முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறார்.