காரில் வைத்த கரும்பு

பிள்ளைகளுக்கு யானை காட்ட, அரையாண்டு லீவில் பந்திப்பூருக்குத் திட்டம் போட்டோம். கணவரின் அண்ணனும் தன் மகனோடு வந்தார். கரும்பு விளையும் பாலக்கோட்டுக்காரர்கள் ஆயிற்றே, வழியில் கடிக்கத் தோட்டத்துக் கரும்பை ஒரு கட்டு காரில் வைத்துக்கொண்டோம்.

காட்டுச் சாலையில் அந்த வாசனைக்கு ஒற்றை யானை வந்து மறித்தது. பின்னால் லாரி. அண்ணன் தன் மகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் ஆறு வயது மகன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"கரும்பு உன் காலடியிலதான இருக்குது, எறங்கிப் போட்டுட்டு வா சாமி."

வண்டி ஓட்டிய என் கணவர் வாயே திறக்கவில்லை. நான்தான் கதவை இழுத்துச் சாத்தி, ஜன்னல் வழியே கரும்பை வீசினேன். யானை அந்தப் பக்கம் ஒதுங்கியது.

இப்போது நான் கார் ஓட்டப் பழகுகிறேன். அடுத்த முறை வண்டியில் கரும்பு இருக்காது. அண்ணனும் தம்பியும் இருக்க மாட்டார்கள்.