மோத்திக்குத் தெரிந்த தமிழ்

என் நாயின் காதில் புண். மஞ்சள் குழைத்த தேங்காயெண்ணெயைத் தடவினேன். அந்த வாசனையில், அந்தமானில் போர்ட்பிளேரின் ஷாதிபூரில் நாங்கள் இருந்த வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அறுபதுகளில் அப்பாவுக்கு அங்கே சர்க்கார் உத்தியோகம். அவர் ஆபீசுக்கும் நான் பள்ளிக்கும் போய்விட்டால், அம்மா தமிழ் பேச மோத்தி என்கிற நாய் மட்டும்தான் இருந்தது. மெயின்லாண்டுக்கு மாற்றலானபோது அதைக் கப்பலில் ஏற்ற வழியில்லை. பக்கத்து வீட்டு வங்காளி அக்காவிடம், நாங்கள் தீதி என்று கூப்பிடுபவளிடம், விட்டோம்.

அம்மா தன் அரைகுறை இந்தியில் சொன்னாள்: "மீன் போட்டா முள்ளை எடுத்துடுங்க தீதி. மழையில நனைஞ்சா காதைத் துடைச்சு, மஞ்சள் குழைச்ச தேங்காயெண்ணெய் தடவுங்க. 'சாப்டு கண்ணு'ன்னு தமிழ்ல சொன்னாத்தான் தட்டுல வாய் வைக்கும்."

தீதி அப்படியே சொல்லிப் பார்த்தாள். மோத்தி தட்டைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தது.

எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு என் நாய்க்குச் சோறு வைத்தேன். "சாப்டு கண்ணு."

பொழுது சாயப்போகிறது. இன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.