தவக்காலத்தில் குறைந்த பதினொரு கிலோ

ஒன்பது வருடத்துக்கு முந்திய தவக்காலம். பேசாலையில், கடற்கரையிலிருந்து நாலாவது வீட்டில் இருந்தோம். எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணமாகிப் பத்து வருடம், பிள்ளை இல்லை. எடை தொண்ணூற்றெட்டு கிலோ.

கருவாடு காயப்போடும் இடத்தில் ஒரு மாமி கேட்டார், "வயிறு மட்டும் நிறைமாசம். ஆள் எப்ப வரும்?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டேன்.

கிளினிக்கில் டொக்டரம்மா பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார். எடை கொஞ்சம் இறங்கினால் மாதவிடாய் ஒழுங்காகும். தினமும் நடவுங்கள், சோற்றைக் குறைத்து மீனும் மரக்கறியும் கூட்டுங்கள், பிறகு பிள்ளைக்கான சிகிச்சையைத் தொடங்கலாம் என்று. 'கொஞ்சம்' என்ற சொல் என் காதில் ஏறவே இல்லை. விபூதிப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு நேர்ந்துகொண்டேன்: நாற்பது நாளும் வெறும் தேநீர், பின்னேரம் ஒரு கோப்பைக் கஞ்சி. ஆண்டவருக்கு ஒறுத்தல், டொக்டருக்கு எடை. ஒரே பசியால் இருவரையும் மகிழ்விக்கப் பார்த்தேன். மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்வரும் கணவர் கேட்டால், முதலே சாப்பிட்டுவிட்டேன் என்பேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து கிளினிக்குக்குப் போனோம். பதினொரு கிலோ குறைந்திருந்தது. பரிசு வாங்கப் போகிறவள் மாதிரித் தராசிலிருந்து இறங்கினேன். அவ்வளவுதான், தரை எழும்பி முகத்தில் அடித்தது.

கண் திறந்தபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. டொக்டரம்மா இரத்தப் பரிசோதனைத் துண்டோடு நின்றார்.

"பட்டினி கிடக்கச் சொல்லி நான் சொன்னனானோ? இவ்வளவு இரத்தம் குறைஞ்ச உடம்பில என்னெண்டு தொடங்கிறது? ஆறு மாசம் போகட்டும்."

எந்தப் பிள்ளைக்காகப் பசித்தேனோ, அதை என் கையாலேயே தள்ளிவிட்டிருந்தேன். அழுகைகூட வரவில்லை.

அப்போதுதான் கட்டிலோரம் நின்ற கணவர் வாய் திறந்தார்.

"நீ சாப்பிடேல்லை எண்டு முதல் கிழமையே தெரியும். நீ கடலுக்குக் கட்டித் தந்த சோத்தை நான் ஒருநாளும் தின்னேல்லை. மீனுக்குத்தான் போட்டனான்."

டொக்டரம்மா அவரையும் தராசில் ஏற்றினார்.

பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டோம், பின்னேரங்களில் கரையோரம் நடந்தோம். எடை மெல்ல மெல்ல இறங்கியது. சிகிச்சையின் முதல் முயற்சி பலிக்கவில்லை. இரண்டாவதில் மகள் வந்தாள். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் ஒரே கூரையின் கீழ், ஒரே பாயில், இரண்டு பசிகள் நாற்பது நாள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிப் படுத்திருந்ததை நினைத்தால், இன்றும் எனக்குத் திடுக்கென்கிறது.