ஏழாவது குழாய்

இது என் கண்முன்னே நடந்தது, பிள்ளைகளே. பயமாக இருந்தால் பாதியில் மூடி வையுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

1998 ஆவணி. டயகமவுக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் ஒரு சதுப்பு. புல்லும் பாசியும் உக்கி அழியாமலே பல ஆயிரம் வருடம் படிந்த கறுப்பு மண். அதை ஆராய யாழ்ப்பாணத்துக் கஜதீபன் சேர் வந்தார். எட்டு பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாக மண்ணில் இறக்கினார். தினமும் மாலை நான்கு மணிக்கு ஒருவர் போய், ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய டியூபை விட்டு வாயால் ஊத வேண்டும். நுனி தண்ணீரைத் தொட்டதும் குபுகுபு என்று கேட்கும். டியூபில் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வேலை அம்மாக்கண்ணுவுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர்கள் நாங்கள். இப்போது அவளுக்கு முழங்கால் வரை சப்பாத்து, புதுக் குடை. "அம்மாக்கண்ணு அக்கா அளந்தா பிழை வராது" என்று சேர் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

"என்னடி வீரம்மா, அப்புடிப் பாக்குற? ஊதுறதுக்கு மூச்சு வேணும்டி" என்று கராம்பு வைத்த வெற்றிலையை மென்றபடி சிரிப்பாள்.

ஒரு புதன்கிழமை காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அவள் வரவில்லை. லயத்து வீட்டில் தனியாக இருந்தவள். தேட ஆளில்லை. சேர் மட்டும் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நேற்றைய அளவு இன்னும் வரேல்ல. ஒருக்கா மேல போய்ப் பாத்திட்டு வாறன்."

என் வாய் சும்மா இருந்ததா?

"ஏன் சேர் வீணா அலையிறீங்க? அவ வட்டகொடைக்கு மக வீட்டுக்குப் போயிட்டா. மேட்டுக்கு எங்க போறா, லயத்துல உக்காந்துதானே எழுதுறா."

பொய், பிள்ளைகளே. இரண்டும் பொய்.

சேர் சப்பாத்தைக் கழற்றினார்.

வெள்ளிக்கிழமை அந்த வேலை எனக்கு வந்தது.

மாலை 4.00. மூடுபனி. ஆறு குழாய்கள் ஒழுங்காக முடிந்தன.

4.10. ஏழாவது. ஊதினேன். குபுகுபு. வாயை எடுத்தேன்.

குபுகுபு... நிற்கவில்லை.

டியூபைக் காதருகே கொண்டுபோனேன். உள்ளிருந்து மூச்சு வந்தது... சூடாக.

கராம்பு வாசம்.

"நாப்பத்தொண்ணு... எழுதுடி."

டியூபைப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

எட்டாவது குழாயில் நான் டியூபே விடவில்லை.

"முப்பத்தெட்டு..."

ஓடினேன்.

சேரிடம், "ஏழாவது குழாய் பக்கம் தேடிப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அந்தக் குரலைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலை அவளை எடுத்தார்கள். குழாயிலிருந்து நாலடி தள்ளி, பாசிக்கு அடியில். அந்த மண் எதையும் கெட விடாது. தூங்குகிறவள் போல இருந்தாள்.

செவ்வாய் மாலை இடுப்பு வரை புதைந்து, பிறகு மெல்ல மெல்ல அமிழ்ந்திருக்கிறாள். உயிர் போனது புதன் இரவு என்றார் டாக்டர்.

புதன் இரவு.

நான் சேரைத் தடுத்தது புதன் காலை.

அவள் ரவிக்கைக்குள் கொப்பி இருந்தது. பென்சிலில் எழுதியது, அழியவில்லை. சேர் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன் நீட்டினார். அவளுடைய கையெழுத்துதான்.

வெள்ளி, 4.10. ஏழு: 41. எட்டு: 38.

ஊதினது வீரம்மா.