ஆம்ஸ் வேண்டாமுங்க

சேந்தமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிணறு வற்றிய வருஷம், வெள்ளைக்காரக் கலெக்டர் வந்தார். சேலத்தில் இங்கிலீஷ் படித்த மருமகள் என்று, வரவேற்புரையை என்னையே வாசிக்கச் சொன்னார் மாமனார். எழுதியது அவர் பிடித்து வந்த குமாஸ்தா. புதுக் கிணறு வெட்ட ‘ஆம்ஸ்’ தரும்படி அதில் கேட்டிருந்தது.

“மாமா, ஆம்ஸ்னா பிச்சைங்க” என்றேன்.

“கடைசீல ‘ஸ்’ இருக்குதில்ல சாமி? நாம ‘ங்க’ போடற மாதிரி, அது மரியாதை.”

“இல்லீங்க மாமா, அந்த வார்த்தையே அப்படித்தான். ஒருத்தன் ஒருக்கா வாங்கினாலும் ஆம்ஸ், ஊரே கையேந்தினாலும் ஆம்ஸ். ‘ஸ்’ இருந்தாலும் பிச்சை பிச்சைதானுங்க.”

“எழுதினதைப் படி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பந்தலில் கலெக்டர் முன்னால் வாசித்தேன். அந்த இடம் வந்ததும் தாளை மடித்தேன். “நாங்கள் கட்டும் வரியில் எங்களுக்கு ஒரு கிணறு வேண்டும்” என்று இங்கிலீஷில் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கலெக்டர் தலையைத் தூக்கினார். குமாஸ்தாவின் முகம் செத்துப்போயிற்று. மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை, பலமாகக் கைதட்டினார்.

கிணறு வரவில்லை. அடுத்த கோடையில் நாங்களே வெட்டினோம். எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது, இருக்கட்டும். ‘ஆம்ஸ்’ என்ற அந்த வார்த்தை எனக்கு ஒருமையிலும் வேண்டாம், பன்மையிலும் வேண்டாம்.